அடுத்தவன் நெருப்பு

மூன்று நாள். எந்த வேலையிலும் கை வைக்க மாட்டேன். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் தூசியைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இதுதான் என் சபதம்.

சபதம் என்னுடையது. யோசனை என் மனைவி நெலீதாவுடையது. பயமே அங்கேதான்.

மெந்தோசா நகரில் நான் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஹசீந்தோ. ஆணி விற்பேன். வாங்கியவருக்கு அடிக்கத் தெரியாவிட்டால் கூடவே போய் அடித்தும் கொடுப்பேன். எங்கள் தெருவில் ஒழுகாத குழாயெல்லாம் என் கைபட்ட குழாய். ஒரே ஒரு வீட்டுப் பக்கம் மட்டும் கருவியோடு போவதில்லை. அது மாமியார் தோன்யா எர்சிலியாவின் வீடு. போன மாதம் பெய்த ஆலங்கட்டி மழையில் அவருடைய தகரக் கூரை சல்லடையாகிவிட்டது. சரிசெய்ய ஏறினால், மேலே நான் வெயிலில் வறுபட, கீழே அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து "ஆணி கோணலாப் போகுது மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நினைத்தாலே முதுகு வலித்தது.

அப்போதுதான் நெலீதா ஆரம்பித்தாள்.

"கிழவா, ஊக்கோ பள்ளத்தாக்குல ஒரு திராட்சைத் தோட்ட விடுதி இருக்காம். மூணு நாள் போய்ப் படுத்துக் கிடந்துட்டு வருவோமா?"

எங்கள் ஊரில் கல்யாணமான மறுநாளே கணவன் கிழவன், மனைவி கிழவி. வயசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"எதுக்கு?"

"ஓய்வுக்கு."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆடு யோசிக்க வேண்டும். நான் யோசித்தேன். அவள் விடவில்லை.

"உனக்கு ஓய்வெடுக்கவே தெரியாது. பந்தயம் கட்டலாமா? மூணு நாளும் ஒரு வேலையிலயும் கை வைக்காம இருந்துட்டா, அம்மா வீட்டுக் கூரைக்கு வேற ஆளு. ஒரு வருஷத்துக்கு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கும் உன்னை அங்க கூப்பிட மாட்டேன். வீட்டுல உக்காந்து ஃபுட்பால் பாரு."

"கை வச்சுட்டா?"

"கூரை உன் தலையில."

ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமை! கண்ணில் நீர் வந்துவிட்டது. கை கொடுத்தேன். அதற்கேற்றாற்போல், புறப்படுவதற்கு முதல் நாள் யாரோ லாரி அனுப்பிக் கடையில் மிச்சமிருந்த தகரத்தையெல்லாம் மொத்தமாக வாங்கிப் போனார்கள். பேரம்கூடப் பேசவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதிக்காரர் தோன் பெனிக்னோ. வாசல் அளவுக்கு வயிறு, வயிறு அளவுக்குச் சிரிப்பு. "இது உங்க வீடு" என்று வரவேற்றார். நெலீதாவைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். முன்பின் தெரியாதவர்கள் இத்தனை சிரிக்கக் கூடாது. மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதியத் தூக்கம். கண்ணை மூடினேன். சொட். குளியலறைக் குழாய். சொட்.

"பாவம், தூங்க முடியலயா?" என்றாள் நெலீதா. "வாஷர் போயிருக்குமோ?"

"போயிருக்கட்டும்."

"ரெண்டு நிமிஷ வேலைதான் இல்ல?"

"ஒன்றரை நிமிஷம். செய்ய மாட்டேன்."

தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை காபி வைத்தால் மேஜை ஆடியது. காபி என் கால்சட்டையில். அறைக்குத் திரும்பினால் நேற்று வரை ஊமையாக இருந்த கதவு இன்று பன்றிக்குட்டி மாதிரி கத்தியது. ஒரே இரவில் கதவுக்கு வாய் முளைக்குமா? யாரோ திருகாணியைக் கழற்றுகிறார்கள்.

அவள் குளிக்கப் போன சமயம் கைப்பையைத் திறந்தேன். உள்ளே என் ஸ்க்ரூ டிரைவர்!

"இது என்ன?"

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றாள். தலை குனிந்தது. "கண்டுபிடிச்சிட்டியா? நான்தான் கழட்டினேன். தப்புதான் கிழவா. உன்கிட்ட எதையும் மறைக்க முடியுமா?"

எனக்கு நெஞ்சு ஓரங்குலம் உயர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரைப் பறிமுதல் செய்தேன். எதிரியின் ஆயுதம் என் சட்டைப் பையில். இருபத்தேழு வருஷத்தில் நெலீதா எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே கிடையாது. சந்தேகப்படத் தெரிந்தவனாக இருந்தால் அப்போதுதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம், வழியனுப்பு அசாடோ, கங்கில் இறைச்சி சுடும் விருந்து. கொடிப்பந்தலுக்குக் கீழே நீள மேஜை. ரொசாரியோவிலிருந்து ஒரு புதுத் தம்பதி, கோர்தோபாவிலிருந்து ஒரு பல் டாக்டர் குடும்பம், நாங்கள். சாப்பிட்டு எழுந்தால் வெற்றி. பக்கத்தில் தோன் பெனிக்னோ நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் நாட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவன் நெருப்பில் கை வைக்காதே, வாயையும் வைக்காதே. நான் வேறு பக்கம் பார்த்தேன். மூக்கு மட்டும் திரும்பவில்லை.

"என்ன கிழவா, முகம் ஒரு மாதிரி போகுது?"

"கங்கு ஆகுறதுக்கு முன்னாடியே தீ மேல விலாவைப் போடுறாரு."

"போடட்டும். அவரு நெருப்பு."

"எலும்புப் பக்கம் மேல இருக்கு!"

"உனக்கென்ன? ஒயினைக் குடி."

"கிழவி, சோரிசோ சாஸேஜை முள்கரண்டியால குத்துறாரு! சாறு பூரா ஒழுகுது!"

"குழாய் ஒழுகினப்பவே சும்மா இருந்தே. இதுக்கென்ன?"

நான் கர்த்தரை நினைத்தேன். ஒரு வருஷத்து ஃபுட்பாலை நினைத்தேன். தோன் பெனிக்னோ தலையைச் சொறிந்தார். "நெருப்பு பிடிக்க மாட்டேங்குதே" என்று முனகிக்கொண்டே மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். விலா எலும்புக்கு நேராகச் சாய்த்தார்.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. புட்டி ஒரு மூலையில் கிடந்தது. தோன் பெனிக்னோ இன்னொரு மூலையில் நின்றார். இடுக்கி என் கையில் இருந்தது. விறகை ஒதுக்கினேன். கங்கை மட்டும் சீராகப் பரப்பினேன். எலும்பைக் கீழே திருப்பினேன், கல்லுப்பைத் தூவினேன், காத்திருந்தேன். கொழுப்பு கங்கில் விழுந்து இஸ்ஸென்றது. உண்மையைச் சொல்கிறேன், மூன்று நாளில் அப்போதுதான் எனக்கு ஓய்வாக இருந்தது.

பரிமாறினேன். பேச்சே இல்லை, மென்று தின்னும் சத்தம்தான். பல் டாக்டர் எழுந்து, "நெருப்புல நின்னவருக்கு ஒரு கைதட்டல்!" என்றார். மேஜையே அதிர்ந்தது. நான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தேன். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது யார் என்று பார்த்தேன்.

நெலீதா.

என் கையைப் பார்த்தேன். முழங்கை வரை கரி.

"இது வேலை இல்ல! இது சமையல்!" என்று கத்தினேன்.

"ஓ, சமையல் வேலை இல்லியா? அப்ப வீட்டுல நான் தினம் பண்றதுக்குப் பேரு என்ன?"

மேஜையிலிருந்த பெண்கள் மறுபடி கைதட்டினார்கள். தோன் பெனிக்னோ வந்து என் கையைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்க தோன் ஹசீந்தோ. இந்தப் பள்ளத்தாக்குல எந்தத் திருவிழான்னாலும் நெருப்புக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்த எலும்பைத் தலைகீழா வைக்கும்போது என் உயிரே போச்சு. உங்க வீட்டம்மா அவ்வளவு கெஞ்சினாங்க. புட்டியில வெறும் தண்ணிதான். அதுக்கு மேல பாவம் பண்ண என்னால ஆகாது."

"அப்ப அந்த ஸ்க்ரூ டிரைவர்?" என்றேன் நெலீதாவிடம்.

"நீ கண்டுபிடிச்சு சந்தோஷப்படுறதுக்கு வச்சது."

ஊர் திரும்பும் வழியில் காரில் எனக்குக் கடைசியாக ஒரு நூல் கிடைத்தது. பிடித்துக்கொண்டேன்.

"கூரை போடுறேன் கிழவி. போடாம எங்க போறேன்? ஆனா தகரம்? ஆலங்கட்டிக்கு அப்புறம் ஊர்ல எந்தக் கடையிலயும் இல்ல. என் கடையிலயே கடைசித் தகரம் வரைக்கும் வித்துப்போச்சு."

நெலீதா ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே ஓடும் திராட்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"யாரு லாரி அனுப்பினதுன்னு நெனச்சே? அம்மா ஏணிகூடச் சாத்தி வச்சாச்சு."