ஆமை ஓட்டிய ஜீப்

ஒரு காட்டில் தார்ச்சாலை போட்டார்கள். சாலை வந்தால் வளர்ச்சி வரும் என்றார்கள். முதலில் வந்தது மாரிக்கண்ணு என்ற கரடியின் ஜீப்.

அந்தச் சாலையைப் போட்ட காண்டிராக்டரும் மாரிக்கண்ணுதான். ஒரு நாள் அவருடைய தங்கை மகனுக்குக் காதுகுத்து. விருந்தில் புளித்த இலுப்பைப் பூ ஊறலை மூன்று குடம் காலி செய்துவிட்டு, நட்ட நடு மதியத்தில் வண்டியை எடுத்தார். "நாலு வாய் உள்ள போனாத்தான் மாப்ளே எனக்குக் கை நிதானமா நிக்கும்" என்று தங்கை கணவரிடம் சொல்லிவிட்டு, சாவியை ஹாரனில் செருகப் பார்த்தார்.

நாவல் மரத்து வளைவில் செங்கமலம் என்ற முள்ளம்பன்றி ஓரமாகத்தான் நடந்துகொண்டிருந்தாள். ஜீப் அந்த ஓரத்துக்கே வந்து அவள் மேல் மோதியது. முன்னங்கால் ஒடிந்தது. முள் குத்தி டயர் வெடித்து, ஜீப் ஒரு கறையான் புற்றில் முட்டி நின்றது. மாரிக்கண்ணு இறங்கினார். "ஐயோ, என் காலு!" என்று அவள் அலறினாள். அவர் அவளைப் பார்த்தார், புற்றையும் பார்த்தார். இரண்டு கை கறையானை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே புதருக்குள் போய்விட்டார்.

முள்ளம்பன்றிக்கு முன்னங்கால்தான் சோறு. தோண்டினால்தான் கிழங்கு. செங்கமலம் மூன்று காலில் நொண்டிப் போய் கடமான் ஏட்டிடம் புகார் கொடுத்தாள். ஓட்டியது கரடி, பத்தடிக்கு வாடை அடித்தது என்று தெளிவாகவே சொன்னாள். ஏட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓட்டியவர்: விசாரணையில்" என்று எழுதிக்கொண்டார்.

மாரிக்கண்ணு இரண்டு நாள் தூங்கி எழுந்து ஓணான் வக்கீலிடம் போனார். ஓணான் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அதனால் தொழிலில் அவருக்கு நல்ல பெயர்.

"குடிச்சிட்டு ஓட்டி ஆளை அடிச்சிருக்கீங்க. ஜெயில் உண்டு. லைசென்ஸ் போயிடும். இன்சூரன்ஸ்காரனும் கையை விரிச்சிடுவான். அந்தம்மா காலுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று தலையாட்டினார் ஓணான்.

"குடிக்கவே இல்லைன்னு சொல்லிட்டா?"

"காது குத்தின பையனே சாட்சி சொல்லுவான். ஓட்டினதே நீங்க இல்லைன்னு சொல்லுங்க. லைசென்ஸ் இருக்கிற, குடிக்காத ஆளா ஒருத்தரைக் கொண்டாங்க."

தேடினார்கள். லைசென்ஸ் இருந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு விருந்தில்தான் உருண்டுகொண்டிருந்தார்கள். மிஞ்சியது சோணாசலம் என்ற ஆமை.

ஆமைக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்பீர்கள். ரேஷன் கார்டு வாங்கப் போன இடத்தில் முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டையே முதுகில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவரிடம் கேட்டார்கள்! அதற்காக எடுத்ததுதான். வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னபோது, காலையில் ஆரம்பித்தவர் சாயங்காலத்துக்குள் பாதி எட்டுத்தான் போட்டிருந்தார். ஆபீஸ் மூடும் நேரமாகிவிட்டதால் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு கையெழுத்துண்ணே" என்றார் மாரிக்கண்ணு.

"போய்யா. நான் வண்டியைத் தொட்டதே அந்த ஒரு நாள்தான். செய்யாத தப்புக்கு நான் எதுக்கு உள்ள போகணும்?"

"எழுபதுல வந்து வளைவுல திருப்பினது சோணாசலம்னு ஊரே பேசும்ணே."

ஆமையின் கழுத்து மெல்ல வெளியே நீண்டது.

"எழுபதா?" என்றார்.

கையெழுத்தானது. ஏட்டு சட்டப்படி ஊதச் சொன்னார். ஆமை ஒரு மூச்சு விடுவதற்குள் ஏட்டு போய் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். கருவி பூஜ்யம் காட்டியது. குடிக்காத டிரைவர் கிடைத்துவிட்டார் என்று காவல் நிலையமே மகிழ்ந்தது.

மறுநாளிலிருந்து சோணாசலத்தின் வாழ்க்கையே மாறிவிட்டது. அவர் சாலையில் இறங்கினால் தாய் முயல்கள் குட்டிகளை இழுத்து ஓரம் கட்டின. "வராருடீ, பார்த்து!" என்றன. அவர் கடந்து போக அரைமணி நேரம் ஆகும். அதுவரை குட்டிகள் ஓரத்திலேயே பயந்து நின்றன. நூற்றிருபது வயதில் ஒருவருக்கு இந்த மரியாதை கிடைத்தால் மனசு என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்.

வழக்குக்கு முதல் நாள் செங்கமலம் வந்தாள். வயிறு ஒட்டியிருந்தது.

"அண்ணே, கால் ஒடிஞ்சதிலேர்ந்து உதிர்ந்த பழத்தைத்தான் தின்னுட்டு இருக்கேன். ஓட்டினது யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கால்தான் போச்சு. அந்தக் கரடி இன்னும் ஓட்டிட்டுத் திரியுதே, அடுத்து யாரு காலோ? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே."

சோணாசலத்துக்கு வெட்கமாகிவிட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து, "சொல்லிடறேம்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

நீதிபதி காட்டெருமை. எதையும் இரண்டு முறை மென்ற பிறகே விழுங்குவார்.

"ஜீப்பை ஓட்டியது நீர்தானா?"

சோணாசலம் செங்கமலத்தைப் பார்த்தார். "ஐயா, நெசத்தைச் சொல்லணும்னா..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் பின்வரிசையில் ஒரு குரங்கு, "அதானே பார்த்தேன்! இதாவது, எழுபதுல போறதாவது!" என்றது. நீதிமன்றமே சிரித்தது. குட்டி முயல்களும் சிரித்தன. நேற்று வரை ஓரத்தில் ஒதுங்கி நின்ற அதே குட்டிகள்.

ஆமை தொண்டையைச் செருமினார்.

"நெசத்தைச் சொல்லணும்னா, எழுபது இல்லீங்கய்யா. தொண்ணூறு."

ஓணான் தலையாட்டினார். காட்டெருமை மென்றார். ஓட்டியவர் குடிக்கவில்லை, ஆகவே குடிபோதைக் குற்றம் இல்லை. அஜாக்கிரதைக்காக ஆமைக்கு ஆறு மாதச் சிறை. லைசென்ஸ் ரத்து, அதாவது முகவரியும் ரத்து. பாதிக்கப்பட்டவர் டயரிலுள்ள தம் முட்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

செங்கமலத்துக்கு அழவும் தெம்பில்லை.

சோணாசலம் சிறைக்கு நடந்தார். குற்றவாளி வந்து சேர எப்படியும் நாளை ஆகும் என்று ஏட்டு முன்னாலேயே போய்விட்டார். வழியில் செங்கமலம் மூன்று காலில் நொண்டிக்கொண்டே வந்து, தொண்ணூறில் போன டிரைவரை முந்திச் சென்றாள். முந்தும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. விடுதலையை இலுப்பைப் பூவோடு கொண்டாடிவிட்டு மாரிக்கண்ணு வந்துகொண்டிருந்தார். செங்கமலம் புதருக்குள் விழுந்து தப்பினாள். சோணாசலத்தால் ஓடவா முடியும்? தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஜீப் அவர் மேல் மோதி, ஓட்டில் விரிசல் விழுந்து, அவர் மல்லாந்து கிடந்தார்.

மாரிக்கண்ணு தள்ளாடியபடி இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"அண்ணே, நீங்களா! ஏட்டு வந்து, ஓட்டினது யாருன்னு கேட்டா..."

விரிசல் வழியாக மெல்லிய குரல் வந்தது.

"எவ்வளவு வேகத்துல வந்தேன்?"

நீதி: குடித்துவிட்டு வண்டி ஓட்டவே கூடாது. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், குடிக்காத, லைசென்ஸ் உள்ள, கைதட்டலுக்கு ஏங்குகிற நண்பர் ஒருவரைப் சிநேகம் பிடித்து வைத்துக்கொள்ளவும். நடந்து போகிறவர்கள் அவரவர் காலுக்கு அவரவரே பொறுப்பு.