முள்ளம்பன்றித் தோழரை வேவு பார்த்த பொம்மை

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. குளமென்றால் நல்ல கரையும் இருக்கும், சேற்றுக் கரையும் இருக்கும். நல்ல கரையைச் சிங்கம் வேலி போட்டு அடைத்துக்கொண்டது. சேறு மற்றவர்களுக்கு.

அந்த வேலியை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர் முள்ளம்பன்றி இளஞ்சேரன். வேலிக்காகக் குகைச் சிறையில் கிடந்தவர். 'வேலியை அகற்று' என்று அவர் முழங்கிய காலத்தில் திடல் கொள்ளாத கூட்டம் வரும். இப்போது ஒரு கீரி மட்டும் வந்தது. ஓர் ஆமையும் தென்படும். ஆனால் அது கூட்டத்துக்கு வந்ததல்ல. போன கூட்டம் முடிந்து இன்னும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இளஞ்சேரன் இதைப் பொறுத்துக்கொண்டார். சேறு பழகிவிட்டால் அதிலும் ருசி கண்டுபிடிக்கிற கூட்டம்தானே இது என்று தேற்றிக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது வேறு. அவர் பேச்சைக் குறிப்பெடுக்க உளவுத்துறையிலிருந்து ஓர் ஓநாய் வந்துகொண்டிருந்தது. கடைசியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் எழுதும். அதையும் சிங்கம் திருப்பி அழைத்துக்கொண்டது. முயல் வளைகளைக் கண்காணிக்க ஆள் போதவில்லையாம். சிறையில் போட்டதைக்கூட மன்னிக்கலாம். முயலுக்குக் கீழே வைத்ததை எப்படி மன்னிப்பது?

அப்படியிருக்க, ஒரு மாலை அவர் கீரிக்கு வர்க்கப் பகை பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது வானத்தில் ஏதோ வட்டமிட்டது. சாம்பல் நிறம். இறக்கை நீளம், உடம்பு ஒல்லி, மூக்கு மட்டும் புடைப்பு. சன்னல் இல்லை, ஓட்டுகிறவர் உட்கார இடமும் இல்லை. போர்முனைகளில் படைகள் பறக்கவிடும் ஆளில்லா விமானம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வயிற்றில் ஒரு கேமரா மினுங்கியது.

கீரி புதருக்குள் பாய்ந்தது. இளஞ்சேரனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் அல்ல. கேமராவில் முகம் விழுகிற பக்கமாகத் திரும்பி நின்று, வாழ்நாளில் பேசாத பேச்சைப் பேசினார்.

மறு கூட்டத்துக்குக் காடே வந்தது. வேலியைப் பற்றிக் கேட்க அல்ல. மேலிருந்து வேவு பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க. கண்டால் முகம் திருப்பிக்கொண்டிருந்த காட்டெருமை வலிய வந்து வணக்கம் வைத்தது. அன்றும் விமானம் வந்தது. கைதட்டல் அடங்கும் நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, திடலுக்கு அப்பால் முட்புதரில் விழுந்தது.

தடயத்தைக் கைப்பற்ற இளஞ்சேரன் தனியாகப் போனார். அங்கே கரடி சபாபதி மூச்சு வாங்க நின்றிருந்தது. கழுத்தில் ரிமோட் தொங்கியது.

"உங்களுதா இது?" என்றார் இளஞ்சேரன்.

"பொம்மை தோழரே. பார்க்க மிடுக்கா இருக்கேன்னு வாங்கிட்டேன்" என்றது கரடி.

பிறகு தன் பாட்டைச் சொல்லி அழுதது. சாம்பல் நிறமாம், மேகத்தில் கலந்தால் தெரிவதில்லையாம். வருகிறதா போகிறதா என்பதும் புரிவதில்லையாம். இறக்கை குகை வாசலில் நுழையாதாம். சக்கரக் கால் குச்சி போலிருப்பதால் இறங்கும்போதெல்லாம் முறிகிறதாம். கேமரா? அது மை பூசிய தேன் குப்பி மூடி. இதைச் சந்தைக் குரங்கிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு தெர்மகோல் விமானம் வாங்கப்போகிறதாம்.

"சரி, இத்தனை இடம் இருக்க, என் கூட்டத்துக்கு மேல ஏன் விட்டீங்க?" என்றார் இளஞ்சேரன்.

"காடு பூரா தேடிட்டேன். இன்னிக்கு எப்படியோ கூட்டம் சேர்ந்துடுச்சு, மத்தபடி ஆளே வராத வெட்டவெளி உங்க பொதுக்கூட்டத் திடல் ஒண்ணுதான். விழுந்தாலும் யார் தலையிலயும் விழாது பாருங்க."

இளஞ்சேரன் தன் முதுகிலிருந்து நீளமான இரண்டு முட்களைப் பிடுங்கி, முறிந்த சக்கரக் காலுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார். கூட்டம்தோறும் விமானம் பறக்க வேண்டும், பொம்மை என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது என்று கெஞ்சினார். கெஞ்சுவது அவருக்குப் புதிது. விமானம் விழுந்தால் தேடி எடுத்து வந்து கொடுக்கக் கீரி உண்டு என்றதும் கரடி தலையாட்டியது.

செய்தி சிங்கத்துக்குப் போனது. அது நடுங்கிப்போனது. தான் அனுப்பவில்லை, அப்படியானால் அனுப்பியது யார்? அடுத்த காட்டுப் புலியா? அதன் ஆதரவு இந்த முள்ளுக்கு இருக்கிறதா? உடனே நரியைத் தூது அனுப்பியது. விமானம் போக வேண்டும், அதற்காக வேலியையே எடுத்துவிடலாம் என்பது உத்தரவு.

ஆனால் நரி காரியக்காரன். கையிலிருப்பதை முதலிலேயே காட்டவில்லை. இளஞ்சேரனைத் தனியே அழைத்து, "ஐயா, அந்த விமானம் வராம இருக்க உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க" என்று கேட்டது.

வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த இரண்டு சொல் நாக்கு நுனியிலேயே இருந்தது. இளஞ்சேரன் வாயைத் திறந்தார்.

"அந்த ஓநாயைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

நரி சிரிப்பை மறைக்கத் தலை குனிந்தது. "இரண்டாவே அனுப்பச் சொல்றேங்க."

இரண்டு ஓநாய்கள் வந்தன. முன்வரிசையிலேயே உட்கார்ந்தன. விளங்காத இடத்தில் ஒன்று கையைத் தூக்கி மறுபடி சொல்லச் சொல்லும். இளஞ்சேரன் மெதுவாக, எழுத வசதியாகச் சொல்வார். கரடி சாம்பல் விமானத்தைக் குரங்கிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் விமானம் வாங்கியது. அது அழகாகப் பறந்தது, அழகாக இறங்கியது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. வேலி அப்படியே இருந்தது. அதை அகற்றச் சொல்லும் பேச்சு முன்னைவிட நன்றாக இருப்பதாகச் சேறு குடிக்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நீதி: படை விமானத்தின் பொம்மை பறக்கவிடுகிறவருக்கு உதவாது. பொழுதுபோக்க வேண்டுமானால் மஞ்சள் விமானம் வாங்கு. தலைவராக வேண்டுமானால், சாம்பல் விமானம் வைத்திருப்பவர் யாரென்று விசாரித்து, அதற்கு நேர் கீழே போய் நில்.