சங்கரா மீனும் என் தொண்டையும்

தொப்பூர்,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மாமா சவுரியப்பன் அவர்களுக்கு, மாப்பிள்ளை முருகேஷ் பணிவுடன் எழுதுவது. தாங்களும் அத்தையும் கடலூரில் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே கலைமதியும் பாப்பா எழிலரசியும் சௌக்கியம். என் தொண்டை மட்டும் சௌக்கியமில்லை. இரண்டு நாள் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாட்ஸ்அப்பில் போட்டால் உடனே நீங்கள் போன் செய்வீர்கள், அதனால்தான் கடிதம்.

"ஏழு மாசம் முடிஞ்சும் புள்ள வாயில மீன் படலையா மாப்ள? உங்களால ஆகலைன்னா இங்க கொண்டாந்து விடுங்க, நாங்க வளக்கறோம்" என்று போன வாரம் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கலைமதி வேலைக்குத் திரும்பிய பிறகு பகலில் பாப்பாவைப் பார்ப்பது நான்தானே. நீங்கள் பஸ்ஸில் போட்டுவிட்ட சங்கரா மீன் பெட்டி சரியாகப் புரட்டாசி சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். "இன்னிக்கு மீனை வூட்டுக்குள்ள கொண்டாந்தீன்னா நான் உன் தங்கச்சி வூட்டுக்குப் போயிருவேன்" என்றார். இடுப்பில் பாப்பா, தலையில் மீன் பெட்டி, இப்படியே என் பஞ்சர் கடைக்குப் போனேன். பக்கத்து டீக்கடைக் கருப்பண்ணன் இட்லிப் பானையைக் கொடுத்தார்.

கலைமதி எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. நன்றாக வேக வேண்டும், உப்பு காரம் கூடாது, முள் அறவே கூடாது, மசித்து அரை ஸ்பூன், பிறகு மூன்று நாள் வேறு புதிதாக எதுவும் தராமல் உடம்பில் தடிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் துண்டு வெந்துகொண்டிருந்தபோது ஒரு லாரிக்கு டயர் கழற்றப் போனேன், அதற்குள் கருப்பண்ணன் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டார். "வெறும் மீனை பாப்பா எப்பிடிங்க திங்கும்?" என்று என்னிடமே கேட்கிறார். அதை லாரி டிரைவர் தின்றுவிட்டு அருமை என்றார். இரண்டாவது துண்டை நானே வேகவைத்து, மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, மசித்து உள்ளங்கையில் பரப்பித் தடவினேன். பதினைந்து வருஷமாக டயருக்குள் கைவிட்டு ஆணி தேடுகிறவன் நான். ஒரு முள்ளும் இல்லை என்று நிமிர்ந்தால், கருப்பண்ணன் அதிலிருந்து இரண்டு முள்ளை எடுத்துக் காட்டினார். காய்த்துப்போன கைக்கு ஆணி தெரிகிறது, மீன்முள் தெரியவில்லை. சரி, நாக்குக்குத் தெரியுமே என்று ஒவ்வொரு வாயாகப் போட்டுப் பார்த்தேன். என் வாயில் போட்டதைப் பாப்பாவுக்குத் தர முடியுமா? எல்லாம் எனக்குள்ளேயே போனது. பாப்பா ஒவ்வொரு வாய்க்கும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி வாயில் முள் மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாப்பாவை வாங்கி, அவள் வாயில் டார்ச் அடித்தார். நான் என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். கூட வந்த கருப்பண்ணன்தான் நடந்ததைச் சொன்னார். "கொழந்தைக்குக் குடுக்க வேண்டியத நீங்க ஏங்க தின்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே முள்ளை எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. அந்த முள் பாப்பா தொண்டையில் போயிருந்தால்? நான் ரொம்பக் களைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் மீன் தெரிந்த கைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பாவை அழைத்துப் போங்கள். கலைமதியிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் தைரியமில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை,
முருகேஷ்

பி.கு.: இன்று வெள்ளி. கொடுத்தனுப்பக் கடலூர் போகிற லாரி கிடைக்காமல் கடிதம் இங்கேயே கிடந்தது. செவ்வாய்க்கிழமை, கருப்பண்ணன் கடை ஃப்ரீசரில் நான் வைத்திருந்த மிச்ச மீனில் ஒரு துண்டை வேகவைத்து, வெயிலில் உட்கார்ந்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு மணி நேரம் கண்ணால் பார்த்துப் பார்த்து முள் எடுத்தேன். அரை ஸ்பூன் ஊட்டினேன். முகத்தைச் சுளித்தாள், விழுங்கினாள், பிறகு என் கையைப் பிடித்து இழுத்து வாயைத் திறந்தாள். நான் அழுதுவிட்டேன். மூன்று நாளாகச் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன், ஒரு தடிப்பும் இல்லை. மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மீனோடு வாருங்கள், நாலு நாள் தங்குங்கள். பாப்பாவை மட்டும் கேட்காதீர்கள் மாமா. தர மாட்டேன்.