மூடி கழற்றிய பரிசோதனை நிலையம்

நோய்க்கிருமி என்பது அரசாணைக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டிய உயிரினம். அப்படி அடங்காத கிருமி ஒன்று, முன் அனுமதி எதுவும் பெறாமல், பால்காரரின் கடைவாய்ப் பல்லடியிலும் அவருடைய கன்றுக்குட்டியின் தொண்டையிலும் ஒரே வாரத்தில் குடியேறியது.

பால்காரருக்கு வலது தாடை வீங்கிக் கண் பாதி மூடிவிட்டது. கன்று மூச்சுவிட்டால் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. அதன் வாய் நாற்றத்தில் தாய்ப்பசுவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. தலைச்சன் கன்று, அதுவும் கிடேரி. எப்படியாவது அது பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

மாட்டு டாக்டர் கன்றின் தொண்டையைத் துடைத்த பஞ்சை ஒரு குப்பியில் போட்டு இறுக மூடினார். பல் டாக்டரம்மா தாடையிலிருந்து சீழை உறிஞ்சி இன்னொரு குப்பியில் அடைத்தார். பேசி வைத்துக்கொண்டதுபோல இருவரும் ஒன்றையே சொன்னார்கள்.

"காத்து போகாத இடுக்குல வளர்ற கிருமி இது. காத்து பட்டா செத்துடும். மூடியைத் திறக்காம பரிசோதனை நிலையத்துல குடுங்க. கிருமி இருக்குன்னு அவங்க எழுதிக் குடுத்தாத்தான் ஊசி மருந்து தரலாம்னு உத்தரவு."

கண்டபடி ஊசி போடுவதைத் தடுக்கப் பிறந்த நல்ல உத்தரவு அது. இரண்டு குப்பிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பால்காரர் பஸ் ஏறினார்.

பரிசோதனை நிலையத்தில் ஆறு மாதமாகப் புது நாகரிகம் நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் ஏதோ மாநாட்டுக்குப் போய், மூடி வைப்பது பத்தாம்பசலித்தனம், திறந்து வைப்பதே முன்னேற்றம் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். முதலில் அறைக் கதவுகளைக் கழற்றினார்கள். பிறகு அலமாரிக் கதவுகள். பிறகு பேனா மூடிகளைப் பிடுங்கி ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியின் மூடியையும் கழற்றினார்கள். கழிப்பறைக் கதவு மட்டும் துணைக்குழுவின் பரிசீலனையில் இருந்தது.

"மாடு இந்தப் பக்கம், மனுஷன் அந்தப் பக்கம். நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்றார் குமாஸ்தா.

"ரெண்டுக்கும்தாங்க. ஒரே கிருமியா இருக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க."

"ஒரே கிருமியா? அதெப்படி? படிவம் வேற வேறயா இருக்கே!"

இரண்டு படிவங்களும் நிரம்பின. குமாஸ்தா குப்பிகளின் மூடியைத் திருகினார்.

"ஐயா, திறக்காதீங்க! காத்து பட்டா கிருமி செத்துடும்!"

குமாஸ்தா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "செத்தா நல்லதுதானேய்யா? அதுக்குத்தானே இவ்வளவு பேர் இங்க உக்காந்திருக்கோம்?"

பால்காரர் மறுபடி கத்தப் பார்த்தார். வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

திறந்த குப்பியை மூன்று அதிகாரிகள் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பரிசோதனை தொடங்கலாம் என்பது விதி. முதலாமவர் உடனே பார்த்தார். பேனா காய்ந்து போயிருந்தது. இரண்டாமவர் பேனா தேடிப் போனார். மூன்றாமவர் திறப்பின் பயன்கள் பற்றி வெளியூரில் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். குப்பிகள் இரண்டும் மின்விசிறிக்குக் கீழே வாய் பிளந்து கிடந்தன.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு பால்காரர் வீட்டுக்கு ஓடினார். மனைவி கொட்டகையில் கன்றின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க எழுதியிருக்கு?"

"கிருமி இல்லையாம். ரெண்டு பேரும் நல்லாயிருக்கோமாம்."

கன்று செத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பால்காரருக்கு வாய்விட்டு அழக்கூடத் தாடை இடம் கொடுக்கவில்லை.

மாட்டு டாக்டர் சாவைப் பதிவு செய்ய, அடுத்த வாரம் பரிசோதனை நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. "நலமாக உள்ளதாகச் சான்றளிக்கப்பட்ட தங்கள் கன்று, அச்சான்றுக்கு முரணாக இறந்தது ஏன் என்பதற்கு நேரில் விளக்கமளிக்கவும்."

விளக்கமளிக்கப் போன அன்று அங்கே விழா. ஆறு மாதத்தில் ஒரு குப்பியில்கூட அந்தக் கிருமி அகப்படாததால், கிருமி ஒழிந்த வட்டாரம் என்று விருது கொடுத்திருந்தார்கள். இயக்குநர் பேச எழுந்தார். வலது கன்னம் பன்னாகப் புடைத்திருந்தது. வாய் திறக்கவில்லை. 'எதையும் திறந்து வைப்போம்' என்ற அவருடைய உரையைக் குமாஸ்தா வாசித்தார்.

விழா முடிந்ததும் குமாஸ்தா பால்காரரை இயக்குநர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். கதவில்லாத வாசலில் ஒரு போர்வை தொங்கியது. உள்ளே இயக்குநர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு குப்பி. இறுக மூடியிருந்தது.

"ஐயாவோட சீழ். மூடியோடயே பார்த்தோம். கிருமி இருக்கு. எழுதினா விருது போயிடும். அதனால உன் கன்னு பேர்ல முன்னெச்சரிக்கை ஊசின்னு மருந்து வாங்கறோம். மாட்டுக்கு முன்னெச்சரிக்கைன்னா கிருமிச் சான்று வேண்டாம்."

"கன்னு செத்துப் போச்சுங்களே!"

"சான்றுல உயிரோடதானே இருக்கு? கன்னு நலம், எங்க பக்கம் கிருமி இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடு. விளக்கமும் வேண்டாம். கன்னுக்குண்டான அளவு ரெண்டு பேருக்குத் தாராளம், உனக்கும் பாதி தர்றேன்."

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமேங்க?"

"அன்னிக்கு யாருக்கும் வலிக்கலையே" என்றார் குமாஸ்தா.

பால்காரருக்கு அவர் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. தாடை விண்விண்ணென்று தெறித்தது. இயக்குநர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அது நன்றாக எழுதியது.

நாலு நாளில் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் அடுத்த வீட்டுக்காரி கையில் மூடிய குப்பியோடு வந்து நின்றாள். அவள் கொட்டகையிலிருந்து மரம் அறுக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, மூடியைத் திறக்கவே கூடாதுன்னு மாட்டு டாக்டர் சொல்றாரு. அங்க திறப்பாங்களா? நீங்க போய்ட்டு வந்தவராச்சே."

பால்காரரின் மனைவி வாசலில் நின்று அவரையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் கையெழுத்தும் வெளியே வரும்.

"அவங்க படிச்சவங்கம்மா, எல்லாம் பார்த்துப் பண்ணுவாங்க. நம்ம பக்கம் அந்தக் கிருமியே கிடையாது" என்றார் பால்காரர்.

தாடை துளிக்கூட வலிக்கவில்லை.