ஆர் இந்தக் கோகிலா?

என் கணவரை நான் ஒரே ஒரு முறைதான் பெரிதாகச் சந்தேகப்பட்டேன். (சின்னச் சின்னதாகச் சந்தேகப்பட்டதை எல்லாம் சேர்த்தால் இந்தக் கட்டுரை முடியாது.) அந்த ஒரு முறைக்கு ஒரு மண்டபம் நிறைய ஜெர்மன்காரர் சாட்சி. எங்கள் ஊர் கொலோனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். ஊர்ப் பெயரையும் கழகத்தின் பெயரையும் சொன்னால், "ஓ, அந்த அக்காவா!" என்று நாலு பேராவது எழுந்து வருவார்கள்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. எங்கள் ஒரே மகள் படிப்பதற்காக ஆஹென் நகருக்குப் போன வருடம் அது. வீட்டில் மிஞ்சியது நானும் யோகனும் தொலைக்காட்சித் தொடரும். யோகன் என்பது என் மனிசன். உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலை. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் தமிழ்க்கடை. இருபத்துமூன்று வருடத்தில் அந்த மனிதர் பாதை மாறி நான் கண்டதில்லை.

அப்படிப்பட்டவர் அந்த மாரிகாலம் வெள்ளிக்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கினார். திரும்பி வரும்போது தொண்டை அடைத்திருக்கும். முகத்தில் ஒரு செந்தளிப்பு. சோறு போட்டால் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு சாப்பிடுவார். என் சமையலுக்கு யாரும் அப்படிச் சிரித்தது கிடையாது.

"ஏன் இவ்வளவு பிந்தினது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஃபெர்லெங்கெருங் வந்திட்டுது, அதுதான்," என்றார் அடைத்த குரலில்.

ஜெர்மனிக்கு அகதியாக வந்த எவருக்கும் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஃபெர்லெங்கெருங் என்றால் நீடிப்பு. விசா நீடிப்பு. விடியற்காலையில் எழும்பி, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு முன்னால் வரிசையில் நின்று, "இன்னும் மூன்று மாதம் இருக்கலாம்" என்று ஒரு முத்திரை வாங்குவோமே, அதுதான். எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துப் பல வருடம். அப்படியென்றால் இவர் ஓடித் திரிவது ஆருடைய விசாவுக்கு?

மறுமொழி அடுத்த கிழமை குளியலறைக்குள் இருந்து வந்தது. தன்னோடு வேலை செய்யும் தயா அண்ணையோடு யோகன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு வெளியே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். (சரி, ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.)

"கோகிலாவுக்கு முழங்கால் நோவாம் அண்ணை. வெள்ளிக்கிழமை கோகிலா இல்லாட்டி நான் அங்கை போய் என்ன பிரயோசனம்?"

கையில் இருந்த துவாய் கீழே விழுந்தது. கோகிலா! அவள் முழங்கால் நோவு வரைக்கும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஆறு மாதமாகத் தோள்மூட்டு நோவு, அது எந்தத் தோள் என்று கேட்டால் சொல்லமாட்டார்.

இரண்டு நாள் கழித்து உடுப்புக் கூடையின் அடியில் அந்தச் சேட்டு அகப்பட்டது. சிவப்பும் வெள்ளையும் கலந்த, மூன்று பேர் உள்ளே போகக்கூடிய சேட்டு. முதுகில் பெரிய எழுத்தில் கோகிலா என்று ஜெர்மன் எழுத்தில் அடித்திருந்தது. நடுவில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் பெயர்களை இங்கத்தைக் கந்தோர்க்காரர் எந்தக் காலத்தில் ஒழுங்காக எழுதினார்கள்? என் கடவுச்சீட்டிலேயே ஒரு எழுத்து சும்மா நிற்கிறது. பெயருக்குக் கீழே 27 என்று இருந்தது.

இருபத்தேழு! வயதையும் அல்லவா அடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார் இந்த மனிதர்!

ரொறொன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். அழுகையும் ஆத்திரமுமாகப் பெயரைச் சொன்னேன், விசாவைச் சொன்னேன், அடைத்த தொண்டையைச் சொன்னேன்.

"அக்கா, தொண்டை அடைச்சால் அது மணிக்கணக்கில கதைச்சுத்தான் அடைக்கும். உன்னோட அவர் அவ்வளவு கதைக்கிறவரோ?"

"இல்லை."

"பிறகென்ன? ஆம்பிளையள் அம்பது தாண்டினாப் பிறகுதான் கவனமாப் பாக்கவேணும். கண்ணில எண்ணெய் விட்டுக்கொண்டு இரு."

தங்கச்சியின் மகன்மார் இரண்டு பேரும் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவர்கள். சேட்டின் முதுகில் பெயரும் இலக்கமும் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். வெட்கத்தில் அந்தச் சேட்டை மட்டும் நான் மறைத்துவிட்டேன்.

கடைசி அடி ஒரு புதன்கிழமை விழுந்தது. யோகன் கையில் ஒரு பெட்டி லட்டோடு வேலையால் வந்தார். நான் ஒன்றைக் கடித்துக்கொண்டிருக்கும்போது சமையலறைக்குள் நின்று தயா அண்ணைக்குச் சொல்வது கேட்டது.

"கோகிலாவுக்கு ஃபெர்லெங்கெருங் கிடைச்சிட்டுது அண்ணை! இன்னும் ரெண்டு வருசம் இஞ்சைதான்! நான் கும்பிட்டது வீண்போகேல்லை!"

அவளுக்கு விசா கிடைத்த சந்தோசத்துக்கு வாங்கிய லட்டை நானே தின்றுகொண்டிருக்கிறேன். துப்பவும் மனம் வரவில்லை, நல்ல நெய் லட்டு. அழுதுகொண்டே விழுங்கினேன். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. மகளும் போய்விட்டாள், இனி இந்த மனிதரும் போனால் இந்த நாட்டில் எனக்கு ஆர் இருக்கினம்?

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டுக்குத் தேங்காயும் கற்பூரமும் வாங்கினேன். ஐயர் "ஆற்றை பேருக்கு அம்மா?" என்று கேட்டார். முதலில் விசயத்தைத் தீர்ப்போம், அர்ச்சனையைப் பிறகு செய்வோம் என்று பையோடு திரும்பி, யோகன் ஏறும் ட்ராமின் பின்பெட்டியில் நானும் ஏறினேன். கல்யாண நாளுக்கு எடுத்த அரக்குக் காஞ்சிபுரம் உடுத்தியிருந்தேன். ஒன்பது பவுண் தாலிக்கொடியைக் குளிருக்குப் போட்ட கோற்றுக்கு வெளியே எடுத்துவிட்டேன். வருகிறவள் முதலில் அதைப் பார்க்கட்டும்.

அவர் இறங்கிய இடம் ஐஸ் மண்டபம். விளையாட்டு நடக்கிற இடம் என்று எனக்கும் விளங்கியது. ஆனால் சந்தேகம் ஒரு சொட்டும் குறையவில்லை. தமிழ்ச்சனம் ஒன்றும் எட்டிப் பார்க்காத இடம், இவ்வளவு கூட்டம், களவாகச் சந்திக்க இதைவிட வசதி வேறெங்கே கிடைக்கும்?

"இருக்கையா, நிற்கிறதா?" என்று கேட்டாள் ரிக்கெற் கொடுக்கிறவள்.

"நிற்கிறது," என்றேன். சண்டை பிடிக்க வந்தவள் இருந்துகொண்டா பிடிப்பாள்?

வாசலில் காவலுக்கு நின்ற பெண் என் பையைத் திறந்தாள். கற்பூரத்தை எடுத்து மணந்து பார்த்தாள். இன்னொருவனைக் கூப்பிட்டாள், அவனும் மணந்தான். அவன் வேறொருவனைக் கூப்பிட்டான். என்னைச் சந்தேகப்படுகிறார்களாம், என்னை! "கடவுளுக்கு" என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். பிறகு தேங்காய் வெளியே வந்தது.

"இதை எறியலாம். உள்ளே விடமாட்டோம்," என்றாள்.

"இது எறிகிறதுக்கு இல்லை," என்று விளக்கினேன். "உடைக்கிறதுக்கு."

அதற்குப் பிறகு என் கோற்றுப் பையையும் சேலைக் கொசுவத்தையும் கூடத் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். தேங்காய்க்கும் கற்பூரத்துக்கும் இலக்கம் போட்ட ஒரு துண்டு தந்தார்கள்.

உள்ளே குளிர். விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவன் ஒலிவாங்கியில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தான். வீரனின் முதற்பெயரை அவன் சொல்வான், குடும்பப் பெயரைச் சனம் சேர்ந்து கத்தும். அது அங்கத்தை வழக்கம் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று நான் ஐஸ் பக்கம் பார்க்கவே இல்லை. இருட்டுக்குள் என் மனிசனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இருபத்தேழு! ஹென்றிக்..."

"கோகிலாஆஆ!" என்று மண்டபமே எழும்பிக் கத்தியது.

ஐயோ, ஊருக்கே தெரிந்திருக்கிறதே, எனக்குத்தானே தெரியவில்லை! அதோடு ஹென்றிக் யார்? அவளுக்குப் புருசன் வேறு இருக்கிறானா?

விளக்குகள் வந்தன. பத்துப் படி கீழே யோகன் நின்றார், அந்தச் சேட்டோடு. அவருடைய தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி நின்றாள். அவளுடைய முதுகிலும் கோகிலா 27. நான் படிகளில் இறங்கிப் போய் அவள் தோளில் தட்டினேன். திரும்பினாள். அறுபத்தைந்து வயது மதிக்கலாம், கன்னத்தில் சிவப்பு வெள்ளைக் கோடு.

"நீங்களா கோகிலா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன்.

"நாங்கள் எல்லோரும் கோகிலாதான்!" என்று சொல்லி அந்த மனிசி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். முன்னால் ஒரு கோகிலா. அவனுக்குப் பக்கத்தில் மொட்டைத்தலையோடு இன்னொரு கோகிலா. அப்பாவின் தோளில் ஒரு குட்டிக் கோகிலா. யோகன் என்னைக் கண்டு வாயைப் பிளந்தார்.

"இஞ்சரும், நீர் எப்பிடி இஞ்சை..."

அதற்குமேல் என்னால் பொறுக்க ஏலவில்லை. ரசிகர்களின் மேளக்காரன் கை மாற்றிய அந்த ஒரு நொடி அமைதியில், அடிவயிற்றில் இருந்து கத்தினேன்.

"ஆர் இந்தக் கோகிலா?"

எங்கள் பகுதி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கட்டிப்பிடித்த மனிசியின் பெயர் பிர்கிட். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: ஏதோ ஒரு சொல், பிறகு தன் வீரனின் பெயர். இரண்டு கையையும் தூக்கி, "ஆரிந்த!" என்று கத்தினாள்.

"கோகிலா!" என்றது சனம்.

"நான் கேக்கிறன், ஆர் இந்த..."

"கோகிலா!"

மேளக்காரன் தாளத்தைப் பிடித்துவிட்டான். டும் டும். நான் யோகனின் சேட்டைப் பிடித்து உலுப்ப உலுப்ப, என் பின்னால் இருநூறு பேர் பாடினார்கள். ஆரிந்த, டும், கோகிலா, டும். நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஒருத்தன் எனக்குக் கழுத்துச் சால்வை போட்டுவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தானா கோல் விழவேண்டும்? மண்டபம் அதிர்ந்தது. மேலே தொங்கிய பெரிய திரையில் கோல் போட்டவரின் முகம் வந்தது. நெஞ்சுவரை தாடி. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. பின்லாந்துக்காரராம். கீழே பெயர் எழுதியிருந்தது, அதே கூடுதல் எழுத்தோடு.

"அதுதான் கோகிலா," என்றார் யோகன் மெதுவாக.

பார்த்தேன். கோகிலா பல்லில்லாமல் சிரித்தது.

"விசா?" என்றேன்.

"என்ன விசா? கழகம் அவற்றை ஒப்பந்தத்தை நீடிச்சது. நான் பிந்தி வந்த அண்டைக்கு ஆட்டமும் நீண்டது. ரெண்டுக்கும் ஒரே சொல்தானே?"

"அப்ப ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் இருக்கிறது. கோபம் இல்லை. பாவமாக இருந்தது.

"சொன்னனான். முதல் நாளே ஹொக்கி பாக்கப் போறன் எண்டு சொன்னனான். நீர் தொடர் பாத்துக்கொண்டு, 'ஓம் ஓம், போகேக்க குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ' எண்டனீர். ரெண்டாம் முறையும் சொன்னனான். அப்பவும் குப்பைதான். மகள் போனாப் பிறகு நான் கதைக்கிறதை வீட்டில ஆர் கேக்கினம்? இஞ்சை வந்தால் கத்தவாவது செய்யலாம்."

எனக்கு ஞாபகம் வந்தது. குப்பையும் ஞாபகம் வந்தது. தாலிக்கொடியை மெதுவாக எடுத்துக் கோற்றுக்குள் விட்டேன். மிச்ச ஆட்டம் முழுக்க அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். அந்த மனிதருக்கு இவ்வளவு கதைக்கத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

திரும்பும்போது துண்டைக் கொடுத்துத் தேங்காயை வாங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஐயர் "ஆற்றை பேருக்கு?" என்று கேட்க, யோகன் முந்திக்கொண்டு, "கோகிலா, நட்சத்திரம் தெரியாது. முழங்காலுக்கு," என்றார். ஐயரும் அப்படியே செய்தார்.

ஹொக்கி ரசிகர்களுக்கு மூடநம்பிக்கை எங்களைவிட மோசம். நான் கத்தியதும் கோல் விழுந்ததால், அடுத்த ஆட்டத்துக்குப் பிர்கிட் வீட்டு வாசலில் வந்து நின்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு அடுத்ததுக்கும் வந்தாள். "ஆரிந்த" என்பதன் அர்த்தம் என்ன என்று அவர்கள் யோகனிடம் கேட்டார்கள். "எங்கட பாசையில, வீரனை வரவேற்கிறது," என்று கூசாமல் சொல்லிவிட்டார். தங்கச்சி இன்றைக்கும் தொலைபேசி எடுத்தால் சுகம் கேட்பதற்கு முதல் "கோகிலா எப்பிடி?" என்றுதான் கேட்பாள்.

போன வருடம் கோகிலா விளையாட்டை விட்டுவிட்டார். கடைசி ஆட்டத்தில் விளக்கை அணைத்து, "ஹென்றிக்..." என்று ஒலிவாங்கிக்காரன் சொன்னதும், எங்கள் பகுதி மட்டுமல்ல, முழு மண்டபமும் எழும்பியது. ஆரிந்த, டும், கோகிலா, டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் போட்டிருந்த கோகிலா சேட்டின் கையால் துடைத்தேன்.

யோகன் என் காதுக்குள் குனிந்தார்.

"பாத்தீரோ? இத்தனை சனம் சேர்ந்து இவ்வளவு வருசமாக் கேக்குது. ஒருத்தரும் இன்னும் உமக்கு மறுமொழி சொல்லேல்லை."