தட்டுக்கு முந்திய ஓலை

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஊர் நம்பிவிட்டால், தெரியாததையும் தெரிந்ததுபோலச் செய்தே தீரவேண்டியிருக்கிறது. அப்படித்தான் கள்ளக்குறிச்சியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு நான் ஓர் இணைய மன்றம் அமைத்தேன். இலவச மென்பொருள். பதிவை இன்றே எழுதி நேரம் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் தானே வெளியாகும். (அது அப்படித்தான் சொல்லிக்கொண்டது.)

ரோஸி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாண அறிவிப்பை ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள், ஓலை என்போம். அதே நேரத்துக்கு மன்றத்திலும் வரட்டும் என்று குறித்து வைத்தேன். அதற்கு முன்னால் வெள்ளிமலையில் இருக்கும் மாமாவுக்குத் தாம்பூலத் தட்டு வைத்துச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி, ரோஸி அக்காவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். தாய்மாமனுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்தால், எங்கள் வகையறாவில் மாமன் கல்யாணத்துக்கு வரமாட்டார்.

சனிக்கிழமை எல்லோரும் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டும்போது அப்பா கேட்டார்: "மாப்ள படிப்ப போட்டியா?"

போடவில்லை. போனிலேயே பதிவைத் திறந்து, பி.ஈ. என்று சேர்த்துச் சேமித்தேன். பஸ் மலை ஏறியது, சிக்னல் போய்விட்டது; இனி வெள்ளிமலையில்தான் வரும்.

குறித்து வைத்த பதிவைத் திருத்தினால், நேரம் அழிந்து அப்போதே வெளியாகிவிடும் என்பது அந்த மென்பொருளின் பிழை. (பிறகு எழுதிக் கேட்டபோது, "தெரியும், அடுத்த பதிப்பில் சரியாகும்" என்றார்கள். தெரிந்திருக்கிறது!) வெளியானதும் உறுப்பினர்கள் போனுக்கெல்லாம் தகவல் போகும். அது பிழையில்லை, நானே பெருமையாக அமைத்தது. மாமாவை உறுப்பினராகச் சேர்த்ததும் நான்தான்.

தட்டோடு போய் நின்றோம். மாமா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, அக்கா பொண்ணுதாங்க. ரொம்ப சந்தோசங்க."

வைத்துவிட்டுத் திரும்பினார். "வாங்க. இன்னா விசேஷம்?"

அம்மா தட்டை நீட்டினார். மாமா கை நீட்டவில்லை. "ஊரே வாழ்த்திக்கினு கீது. எங்கிட்ட சொல்ல இப்பதான் வழி தெரிஞ்சிதா அக்கா?"

"நாளைக்குதான் வரணும் மாமா. சாஃப்ட்வேர்ல தப்பு" என்றேன்.

"சாஃப்ட்வேரா எனக்கு அக்கா மவன்? நீதானடா!"

தட்டிலிருந்த வெற்றிலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது எனக்கு. ரோஸி அக்கா அழுதேவிட்டாள். "நீங்க வரலன்னா இந்தக் கல்யாணமே வேணாம் மாமா."

மாமா அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இனிமே இவன் எது போட்டாலும் நான் பாத்து சரின்னாதான் வெளிய வரணும். அதுக்கு வழி கீதா அதுல?"

இருந்தது. (அந்த வசதியில் மட்டும் ஒரு பிழையும் இல்லை.)

அக்கா கல்யாணத்தை மாமாதான் முன்னால் நின்று நடத்தினார். பிறகு என் கல்யாணம் வந்தது. முதல் தட்டு மாமாவுக்குத்தான் வைத்தோம். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து வெகுநேரமாகியும் என் ஓலை மன்றத்தில் வரவில்லை. பதறிப்போய் போன் செய்தேன்.

"பாத்தேன்டா" என்றார் மாமா நிதானமாக. "மாப்ள படிப்ப போடலியே."