கேசிக்கு ஓர் எழுத்து

படிவத்தில் குழந்தையின் பெயருக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக் கவுன்டரை மூடிவிடுவார்கள். நாளை வெள்ளிக்கிழமை, தோஹாவில் விடுமுறை.

அருள்முருகன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்த மாமனார் கோபாலசாமியை வீடியோவில் அழைத்திருந்தான். மாமனார் ஏதோ ஒரு பெயரை மனதில் வைத்திருக்கிறார் என்று கேள்வி. பக்கத்தில் தாமரை, அவள் மடியில் பதினெட்டு நாள் மகள்.

“கேசின்னு வைக்கலாம்னு தாமரை ஆசைப்படறா மாமா. பாப்பாவைப் பாத்துக்கிட்ட நர்ஸ் பேரு.”

“அந்த நர்ஸம்மாவா?” மாமனார் முகம் கனிந்தது.

பொய் சொல்லத் தெரியாதது அருள்முருகனின் நல்ல குணம். அவசரத்துக்கு உதவாத குணமும்கூட.

“அம்மா இல்ல மாமா. ஆம்பள. ஆறடி இருப்பாரு, சிவப்புத் தாடி.”

“பொம்பளப் புள்ளைக்குத் தாடிக்காரன் பேரா?”

“ரெண்டு பேருக்கும் வைக்கிற பேருதான் மாமா. அயர்லாந்துல மொதல்ல அது குடும்பப் பேரு.”

“அடுத்தவங்க குடும்பப் பேரை நாம எடுத்துக்கிட்டா அவங்க சும்மா இருப்பாங்களா?”

“அவர்கிட்ட கேட்டுட்டேன். சந்தோசம்னாரு.”

“பேரை இன்னொரு தடவை நிறுத்திச் சொல்லுங்க.”

“கே… சி.”

மாமனார் எழுந்து நின்றுவிட்டார். திரையில் வேட்டி மட்டும் தெரிந்தது.

“கேசின்னா கண்ணன் கொன்ன குதிரை அசுரன் மாப்ள. எம் பேரு கோபாலசாமி. எம் பேத்தி அசுரனா?”

தாமரை கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள்.

“அப்பா, அவங்க பாஷையில அதுக்கு முழிச்சிருந்து காவல் காக்கிறவங்கன்னு அர்த்தம். பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள்ள மூச்சுக்குத் தவிச்ச மூணு ராத்திரியும் அவரு பக்கத்துல நின்னாரு. டூட்டி முடிஞ்சும் ரூமுக்குப் போகல. என்னால எந்திரிக்க முடியல. நீங்க விசா கெடைக்காம அங்க கெடந்தீங்க. நம்ம எல்லாருக்கும் சேத்து அவரு முழிச்சிருந்தாருப்பா.”

வேட்டி மெல்ல உட்கார்ந்தது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

“அதெல்லாம் சரிதாம்மா. ஆனா நட்சத்திர எழுத்து இல்லாம நம்ம வீட்டுல பேரு வச்சதில்ல. ஜோசியர் சீட்டு குடுத்து விட்டிருக்காரு, இன்னும் பிரிக்கல. எந்த எழுத்து வருதோ, அதுதான்.”

சீட்டோடு அவர் பூஜை அறைக்குப் போனார். கவுன்டர் ஊழியர் அஹ்சன், “யல்லா பாய், ஜல்தி” என்று அவசரப்படுத்தினார். மணி பன்னிரண்டு ஐம்பது. அருள்முருகன் கண்களை மூடி முருகனைக் கூப்பிட்டான். விவகாரம் பெருமாள் வீட்டுடையது என்று நினைவு வரவும் அவரையும் கூப்பிட்டுக்கொண்டான்.

மாமனார் திரும்பி வந்தார். முகத்தில் எரிச்சல்.

“என்னத்தச் சொல்ல. ‘கே’ன்னு வந்திருக்கு. சாமியே சொன்னப்புறம் நான் யாரு மாப்ள? எழுதுங்க.”

எழுதினான். அஹ்சன் முத்திரை குத்தினார்.

அவர்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் தாமரையின் போன் அடித்தது. அம்மா பானுமதி. அடுப்படியிலிருந்து குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அப்பா காதுல விழாமப் பேசறேன். நீ உண்டானதுலேருந்து செத்துப்போன அவங்கம்மா கோமதி பேரத்தான் வைக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப பூஜை ரூமைக் கூட்டுனேன், சீட்டு கெடந்துச்சு. அதுல ‘கோ’ன்னுதான்டி இருக்கு.”